களங்கட்டித் தடிகளும் ஜெலட்டின் பூசிய தாளும்

முதல் படத்தைக் கெடுத்தது தாள். இரண்டாவதைக் கெடுத்தது கை. இரண்டையும் திருத்த எனக்கு ஏறத்தாழப் பத்து மாதங்கள் பிடித்தன. நீர்வண்ணத்தை நெடுங்காலம் கைவிட்டு மறுபடி எடுக்கும் ஒருவருக்கு இவற்றில் சில வேலைகளாவது உதவக்கூடும் என்பதால், செய்த ஒழுங்கிலேயே, பிழைத்துப்போனவற்றையும் மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

நான் 36 வருடங்கள் யாழ்ப்பாணத்தில் நில அளவையாளர்களிடம் படவரைஞராக வேலை பார்த்தவன். அளவையாளர் காணியிலிருந்து கொண்டுவரும் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து எல்லைகளைத் தாளில் கீறுவதும், விஸ்தீரணத்தைக் கணக்கிட்டுப் பரப்பிலும் குழியிலும் எழுதுவதும் என் தொழில். வரகு விதைப்புக் கணக்கில் 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர்; அதில் ஒரு குழி பிசகினாலும் இரண்டு வீட்டுக்காரர் வேலிக்கு இரு பக்கமும் நின்று ஏசுப்படுவார்கள். ஆகவே ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் பார்ப்பவருக்குச் சந்தேகமே வரக்கூடாது என்று என் கை பழகிவிட்டது. மைப்பேனையும் ட்றேசிங் தாளும் போய்க் கணினி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. போரால் இடம்பெயர்ந்து தங்கியிருந்த தென்மராட்சியிலிருந்து 1996இல் திரும்பி வந்தபோதும், அதற்குப் பிறகு பல வருடங்களாக இடம்பெயர்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வளவுகளைத் தேடி வந்தபோதும், வேலியும் கதியாலும் அழிந்துபோன நிலங்களில் பழைய எல்லைக் கல் எங்கே கிடந்தது என்பதைக் கடதாசியில் மீட்டுக் கொடுப்பதே எங்கள் அலுவலகங்களின் பெரிய வேலையாக இருந்தது.

அதற்கு முன்னர் நான் படம் கீறினேன். பள்ளிக்கூடச் சித்திர ஆசிரியர் ஒருவரிடம் சனிக்கிழமைகளில் நீர்வண்ணம் பழகினேன். யாழ்ப்பாணத்தில் ஓவியம் பெரும்பாலும் இப்படித்தான், பிழைப்புக்கான தொழில் போக மிஞ்சிய நேரத்தில் வளர்ந்திருக்கிறது. 1938இல் எஸ். ஆர். கனகசபை தொடங்கிய வின்சர் ஆர்ட் கிளப்பையும், குருநகரில் பிறந்த ஓவியர் அ. மாற்கு (1933–2000) விடுமுறை நாள்களில் மாணவர்களைக் கூட்டிவைத்து நடத்திய வகுப்புகளையும் எங்கள் ஆசிரியர் அடிக்கடி எடுத்துச் சொல்லுவார். எனக்கு அந்த மிஞ்சிய நேரம் 1988இல் வேலை கிடைத்ததோடு முடிந்துபோனது. அது மறுபடி கிடைத்தது ஓய்வு பெற்ற 2024ஆம் ஆண்டின் தை மாதத்தில்.

அறையின் மூலையிலிருந்த றங்குப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு தகர நிறப்பெட்டியும், ஒன்பது தூரிகைகளும், 1988இல் பரீட்சை எழுதக் கொழும்புக்குப் போனபோது வாங்கிய பன்னிரண்டு பெரிய தாள்களும் இருந்தன. அவை 22 அங்குலத்துக்கு 30 அங்குலம், சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள்கள். 1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் திகதி இரவு நாங்கள் வீட்டைவிட்டுப் போனபோது இந்தப் பெட்டியை யாரும் நினைக்கவில்லை. வீட்டுக் கதவு நிலைகள்கூடக் காணாமற்போன காலத்தில் பெட்டி அப்படியே கிடந்தது. தூரிகைகளின் மயிரைப் பூச்சி தின்றுவிட்டது, அவற்றை எறிந்தேன். தாளில் இரண்டை இராமபாணப் பூச்சி ஓரம் அரித்திருந்தது. மற்றப் பத்தும் மெல்லிய பழுப்பும் ஆங்காங்கே துருப்பிடித்தது போன்ற புள்ளிகளுமாக, கையில் எடுத்தால் நல்ல தாளாகவே இருந்தன. நான் ஏமாந்தது அங்கேதான்.

ஒரு தாளைப் பாதியாக வெட்டிப் பலகையில் கிளிப் போட்டு, வீட்டு வாசலிலிருந்து தெரியும் பனைகளைப் பென்சிலால் பதித்து, வானத்துக்கு நீலம் பூசத் தொடங்கினேன். தூரிகை பட்ட இடத்திலேயே நீலம் உள்ளே போய்விட்டது. இழுக்க வரவில்லை, பரவவும் இல்லை. காய்ந்த மணலில் முதல் மழைத்துளி விழுந்தது போல வானம் முழுவதும் கரும்புள்ளிகள் எழுந்தன. தாளைத் திருப்பிப் பார்த்தேன். நிறம் மறுபக்கம் வரை ஊறியிருந்தது. கை மறந்துவிட்டதென்றே முதலில் நினைத்து ஒரு கிழமை பேசாமல் இருந்தேன்.

பிறகுதான் சோதித்தேன். ஒரு புதிய தாள் துண்டிலும் பழைய தாளிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். புதியதில் சொட்டு உருண்டு நின்றது, நான் தேநீர் குடித்து முடிக்கும் வரை பாதியாவது நின்றது. பழையதில் மூன்று எண்ணுவதற்குள் காணாமற்போனது. நீர்வண்ணத் தாளுக்கு நிறத்தை மேற்பரப்பில் தாங்கிவைப்பது பருத்தி நார் அல்ல, அந்த நாருக்குப் பூசப்பட்ட பசை. நல்ல தாள்களில் அது பெரும்பாலும் விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டின். ஈரப்பதமும் பூஞ்சணமும் சேர்ந்த அறையில் நெடுங்காலம் கிடந்தால் அந்தப் பசை சிதைந்துவிடும், தாள் ஒற்றுத்தாளாகிவிடும். என்னுடைய தாளுக்கு நேர்ந்ததும் அதுவே. இதற்கு மருந்து பசையைத் திரும்பப் பூசுவதுதான்.

கேக் சாமான் விற்கும் கடையில் ஜெலட்டின் தூள் கிடைத்தது. எங்கள் வீட்டில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைப்பதில்லை. பொதியின் பின்பக்கத்தை வாசித்த என் மனைவி, "இஞ்சருங்கோ, எலும்புச் சாமானை என்ரை அடுப்பிலை வைக்க விடமாட்டன், வெளியிலை கல்லு வைச்சுக் காய்ச்சுங்கோ" என்று சொல்லிவிட்டார். கிணற்றடிக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து, பழைய அலுமினியச் சட்டி ஒன்றில் வேலையைத் தொடங்கினேன்.

முதற்தரம் பொதியில் போட்டிருந்த இனிப்பு ஜெலி அளவையே பின்பற்றினேன். அது தாளுக்கு மிகவும் தடிப்பு. காய்ந்த பிறகு தாள் மினுங்கியது. நிறம் பூசினால் வாழையிலையில் தண்ணீர் தெளித்தது போல முத்து முத்தாக உருண்டு ஓடியது. வளைத்துப் பார்த்தபோது மேற்தோல் வெடித்தது. அந்த அரைத் தாள் போய்விட்டது. இரண்டாந்தரம் ஒரு லீற்றருக்கு 20 கிராம் என்ற கணக்கில் அரை லீற்றருக்கு 10 கிராம் எடுத்தேன். தூளைக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, அது வீங்கிய பிறகு சட்டியை இன்னொரு சுடுநீர்ச் சட்டிக்குள் இறக்கிக் கரைத்தேன். கொதிக்கவிடக்கூடாது, கொதித்தால் ஜெலட்டினின் பிடிப்புக் குறைந்துவிடும். விரலை விட்டால் சுட வேண்டும், ஆனால் விரலை எடுத்துவிடத் தோன்றக்கூடாது. அந்தச் சூடு போதும். படிகாரம் சிறிது சேர்த்தால் பசை இறுகும், பூஞ்சணமும் பிடிக்காது என்பது பழைய முறை. எனக்கு அதில் விருப்பமில்லை. படிகாரம் நாள் செல்லத் தாளைப் புளிப்பேற்றும், புளிப்பேறிய தாள் பழுத்து நொறுங்கும். பழைய காணிப் படங்கள் மடிப்பு மடிப்பாக உடைந்து கையில் கொட்டுவதை நிறையவே பார்த்திருக்கிறேன்.

பூசுவதற்கு முன்னர் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, முற்றத்தில் வைத்துத் தாளின் பூஞ்சணத்தை மென்மையான தூரிகையால் தட்டி எடுத்தேன். பிறகு மூன்று அங்குலத் தட்டைத் தூரிகையால் இளஞ்சூட்டுக் கரைசலை ஒரு பக்கம் முழுவதும், ஒரே திசையில், திரும்ப ஓட்டாமல் பூசினேன். கால் மணித்தியாலம் பொறுத்து மறுபக்கம். ஈரத்தில் தாள் மிக மெதுமையாகிவிடும், அப்போது தூரிகையை அழுத்தினால் நார் எழும்பும். காயவிடும் இடத்தில்தான் இன்னொரு தவறு விட்டேன். அது வைகாசி மாதம், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கிவிட்டது. உடுப்புக் கொடியில் கிளிப் போட்டு விட்ட தாள்களில் ஒன்றைக் காற்று பிடுங்கிக்கொண்டுபோய்க் கிளுவை வேலியில் குத்தியது. மற்றவை அரை மணித்தியாலத்தில் காய்ந்து ஓலைப் பெட்டி மூடி போல வளைந்தன. எஞ்சியவற்றை விறாந்தையில் காற்றுப் படாமல் கிடத்தி மெல்லக் காயவிட்டு, பாதி ஈரத்தில் இரண்டு பலகைகளுக்கிடையில் வைத்துப் பாரமேற்றினேன். அவை நேராக வந்தன. தண்ணீர்ச் சொட்டு அவற்றின் மேல் ஐந்து நிமிடம் நின்றது. ஜெலட்டின் இராமபாணத்துக்குப் பிடித்தமான சாப்பாடு என்பதால் தாள்களைப் பழைய ஏடுகளை வைப்பது போலவே காய்ந்த வேப்பிலையோடு கட்டிவைத்திருக்கிறேன்.

நிறங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீர்வண்ணத்தின் பிணைபொருள் கருவேலம்பிசின் வகையைச் சேர்ந்த பிசின், அது எத்தனை வருடம் காய்ந்தாலும் தண்ணீரில் திரும்பக் கரையும். கல்லாகிப்போன குழாய்களைப் பிளேட்டால் நீளப் பிளந்து, உள்ளிருந்ததைச் சிறு கிண்ணங்களில் போட்டு, சொட்டுத் தண்ணீரும் ஒரு துளி கிளிசரினும் விட்டு இரவு மூடிவைத்தேன். காலையில் பாவிக்கக்கூடியதாக இருந்தன. எண்ணெய் வண்ணமாக இருந்திருந்தால் குப்பைக்குத்தான் போயிருக்கும். ஆனால் எல்லா நிறத்தையும் நம்பவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு தாள் நாடாவில் மெல்லிய பூச்சாகப் பூசி, நாடாவின் பாதியைத் தடித்த மட்டையால் மூடி, மேற்குச் சன்னலில் மூன்று மாதம் ஒட்டிவைத்தேன். காவி மஞ்சள், சுட்ட காவி, அல்ட்ராமரீன் நீலம் மூன்றும் அசையவில்லை. அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு, மூடிய பகுதியில் மாதுளம்பழமாகவும் திறந்த பகுதியில் கழுவிய கறையாகவும் நின்றது. அதை எடுத்து எறிந்தேன். எங்கள் கிணறு சவர். அந்தத் தண்ணீரைக் கண்ணாடியில் காயவிட்டால் வெள்ளைப் படலம் மிஞ்சும், அது தாளிலும் மிஞ்சும். கார்த்திகை மழையில் கூரையிலிருந்து பிடித்துப் போத்தல்களில் வைத்திருந்த தண்ணீரையே நிறத்துக்குப் பாவித்தேன்.

கண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் என் வயதில் மீண்டும் தொடங்குபவர்களில் பலருக்கு இது பொருந்தும். இடது கண்ணில் வெண்புரை சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது, வலது கண்ணில் இன்னும் செய்யவில்லை. வயதோடு மஞ்சளிக்கும் கண்வில்லை நீல ஒளியை மறித்துவிடும். யாழ்ப்பாண நகரையொட்டிய பண்ணைக் கடலோரத்தில் நின்று ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் பார்த்தால் கடல் நீலச் சாம்பல். மாற்றிப் பார்த்தால் பால் குறைந்த தேத்தண்ணீர். எது உண்மையான நிறம் என்று எவரிடமும் கேட்கப்போவதில்லை என்று முடிவு செய்து, நிறம் கலக்கும்போது இடது கண்ணால் மட்டும் பார்க்கப் பழகினேன். வலது கண்ணை நம்பிக் கலந்த ஆனி மாதப் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதன் நீலம் மருந்துப் போத்தல் நீலம்.

தாள் சரியான பிறகு பண்ணைக்குப் போகத் தொடங்கினேன். நகரப் பக்கத்திலிருந்து, கடலுக்கு நடுவே போகும் வீதியில் கொஞ்சத் தூரம் நடந்து, கிழக்குப் பக்கக் கடலைப் பார்த்துக் குந்தினால், குருநகருக்கு மேலே எழும் காலை வெயில் தண்ணீரில் நேரே முகத்துக்கு வரும். அந்த வெளிச்சத்துக்குள் களங்கட்டித் தடிகள் கறுப்பாக நிற்கும். களங்கட்டி என்பது ஆழமில்லாத இந்தக் களப்பில் தடிகளை வரிசையாக நட்டு, வலை கட்டி, மீனையும் இறாலையும் வழிநடத்தி ஓர் அறைக்குள் சேர்க்கும் பொறி. தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீரின் மேல் யாரோ கோடு போட்டு அடையாளம் வைத்தது போல இருக்கும்.

என் கைக்கு வேறென்ன வேண்டும்? தடிகளை எண்ணினேன், 43. அவற்றுக்கிடையிலான தூரத்தைப் பென்சிலைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து அளந்து, 43 தடிகளையும் ஒன்றும் விடாமல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் ஓரம் தீட்டி, அதற்குப் பிறகு தண்ணீர் நிறத்தைத் தடிகளுக்கிடையிலான கட்டங்களில் நிரப்பினேன். எந்தக் கட்டத்திலும் நிறம் வெளியே கசியவில்லை. இரண்டு மணித்தியால வேலை, அதில் கடல் என்று சொல்ல ஒரு சொட்டும் இல்லை. நாலு பக்க எல்லையையும் எழுதிவிட்டால் காணி உறுதிப் பத்திரத்தோடு இணைத்துப் பதியலாம்.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறிய கடற்றொழிலாளி ஒருவர் எனக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஐயா, உந்தத் தடியெல்லாம் மதில் கம்பி மாதிரி நேரா நிக்குதே. நீரோட்டத்துக்கு ஒண்டும் சாயேல்லையோ?" என்று கேட்டார். திரும்பிக் கடலைப் பார்த்தேன். ஒரு தடியும் நேராக நிற்கவில்லை. இரண்டு மணித்தியாலம் எண்ணியும் அளந்தும் நான் அதைக் காணவில்லை. மட்டப்பலகையும் மூலைமட்டமும் இல்லாமலே என் கை ஒவ்வொன்றையும் செங்குத்தாக்கியிருந்தது. அவர் தடி நடுபவர். எந்தப் பக்கம் எவ்வளவு சரியும், எதைப் போன கிழமைதான் மாற்றி நட்டது என்றெல்லாம் விரலால் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். நீர்வண்ணம் பற்றி எனக்குக் கிடைத்த பாடங்களில் அதுவே பெரியது, சொன்னவருக்கு அது பாடமென்று தெரிந்திருக்க நியாயமில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் தடியே வரையவில்லை. வீட்டு விறாந்தையில் அரைத் தாள்களைக் கால் தாள்களாக்கி, பெரிய தட்டைத் தூரிகையும் இரண்டு நிறமும் மட்டும் வைத்துக்கொண்டு, தண்ணீரையும் வானத்தையும் திரும்பத் திரும்பப் பூசினேன். அல்ட்ராமரீனும் சுட்ட காவியும் கலந்தால் களப்பின் சாம்பல் கிடைக்கும்; காவி கூடினால் சேற்று நிறம், நீலம் கூடினால் மழைக்கு முந்திய நிறம். தாள் ஈரமாக இருக்கும்போதே இரண்டாம் நிறத்தை விட்டால் ஓரம் தானாகக் கரையும். ஓரம் கரைவதைப் பார்க்கும்போதெல்லாம், எல்லைக் கல்லைப் பிடுங்குபவனைக் கண்டது போல எனக்கு நெஞ்சு பதறியது. அதைக் குறைக்கச் சில நாள்கள் இடது கையால் பூசினேன், இடது கைக்குத் தொழில் பழக்கம் இல்லை. சோளக நாள்களில் மேலே பூசிய நிறம் கீழே வருவதற்குள் காய்ந்து கோடாகிவிடும். ஆறு மணிக்கு முன்னர் தொடங்கி, தாளின் பின்பக்கத்தையும் நனைத்துவைத்தால் மட்டுமே பதினைந்து நிமிடம் கிடைத்தது.

இதில் ஒரு விடயத்தில் பழைய தொழில் கைகொடுத்தது. நான் சேர்ந்த காலத்தில் சில படங்களில் காணித் துண்டுகளுக்கு மெல்லிய நிறம் பூசுவது இன்னும் வழக்கத்தில் இருந்தது. பலகையைச் சற்றே சாய்த்து, பூச்சின் அடியோரத்தில் திரளும் நீர்க்கோட்டை உடையவிடாமல் ஒரே சீராகக் கீழே இறக்கிக்கொண்டு போய், கடைசியில் பிழிந்த தூரிகையால் ஒற்றி எடுக்க வேண்டும். எனக்கு மூத்த படவரைஞர் ஒருவர் இதைக் காது திருகிப் பழக்கினார். 36 வருடத்துக்குப் பிறகும் மணிக்கட்டு அதை மறக்கவில்லை; வானம் மூன்றாவது முயற்சியிலேயே சமமாக வந்துவிட்டது.

ஐப்பசியில் சோளகம் ஓய்ந்து, மழை இன்னும் பிடிக்காத ஒரு காலையில் மறுபடி பண்ணைக்குப் போனேன். காற்றே இல்லை, ஈரப்பதம் கூட, பூச்சு காயப் பொறுமையாக நேரம் எடுத்தது. பென்சில் கொண்டுபோகவில்லை. வானத்தையும் கடலையும் ஒரே பூச்சாக இறக்கினேன், இரண்டுக்கும் நடுவில் கோடு இல்லை. பாதி ஈரத்தில் தூரத்துத் தடிகளை வைத்தேன். அவை ஊறி மங்கின. தாள் காய்ந்த பிறகு முன்னால் நின்ற ஏழு தடிகளை மட்டும் சரிந்தபடியே ஒவ்வொரு வீச்சில் போட்டேன். மிச்சம் 36ஐ விட்டுவிட்டேன். முடிந்தது என்று எழும்பப்போகும்போது, தண்ணீரில் வெயில் தெறிக்கும் இடம் படத்தில் இல்லாததைக் கண்டேன். அந்த இடத்தை வெள்ளையாக விட்டுவைக்க மறந்துபோனேன், வெள்ளை நிறத்தை மேலே அப்புவது எனக்குப் பிடிக்காது.

சட்டைப் பையில் பாதி பிளேட் இருந்தது. ட்றேசிங் தாளில் மைக்கோடு பிழைத்தால் நாங்கள் பிளேட்டைப் படுக்கவைத்து, தாள் ஓட்டையாகாமல் மையை மட்டும் சுரண்டி எடுத்து, அந்த இடத்தை நகத்தின் பின்பக்கத்தால் தேய்த்து வழுவழுப்பாக்குவோம். பிழை இருந்த அடையாளமே தெரியக்கூடாது. தாள் எலும்பாகக் காய்ந்துவிட்டதா என்று புறங்கையை வைத்துப் பார்த்தேன், குளிர்ச்சி இல்லை. ஏழாவது தடிக்குப் பக்கத்தில் பிளேட்டின் முனையை வைத்துக் கிடையாக, தாளைத் தொட்டும் தொடாமலும் ஓர் இழுப்பு இழுத்தேன். பசை ஏறிய மேற்பரப்பு ஆதலால் நார் எழும்பவில்லை. நிறம் தூளாக உதிர்ந்து, அடியிலிருந்து 1988ஆம் ஆண்டின் வெள்ளை வந்தது. தாளின் மேடுகளில் மட்டும் பிளேட் பட்டதால் கோடு விட்டுவிட்டு, தண்ணீரில் வெயில் உடைவது போலவே உடைந்து நின்றது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு இழுத்தேன். நான்காவதை இழுக்கப் பிளேட்டைக் கொண்டுபோய், நிறுத்தி, பையில் போட்டேன்.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவைத்தபோது மனைவி வெகுநேரம் பார்த்துவிட்டு, தாளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். எலும்பு மணம் இல்லையாம். றங்குப் பெட்டியில் இன்னும் நாலு தாள் பசை பூசாமல் இருக்கிறது. மாரி முடிந்து வெயில் வந்ததும் கிணற்றடியில் மறுபடி கல்லு வைக்க வேண்டும்.